ஒருக்காவா, ரெண்டுதரமா? கோப்பு திறக்கிற விரலின் வரலாறு

2024 பெப்ரவரி 28 ஆந் திகதி கேடிஈ பிளாஸ்மா 6 வெளிவந்தது. லினக்ஸ் பாவிக்கிற ஆக்களுக்கு அது பெரிய நாள். கனக்க மாற்றங்கள். அவற்றுக்கு நடுவில, முதல் பார்வைக்கு அற்பமாகத் தெரியிற ஒரு மாற்றமும் இருந்தது: இனிமேல் ஒரு கோப்பைத் திறக்க இரண்டு தரம் கிளிக் பண்ணவேணும். 1998 யூலையில் வந்த கேடிஈ 1.0 முதல் அங்கே ஒரு கிளிக்தான் வழமை. கால் நூற்றாண்டுப் பழக்கம் ஒரு பதிப்போடு முடிஞ்சது.

"அமைப்புகளுக்குள்ள போய் மாத்தினால் சரிதானே?" என்று கேட்பீர்கள். மாற்றலாம். ஆனால் எங்களில் எத்தனை பேர் அமைப்புகளுக்குள் போகிறோம்? கணினி எப்படி வந்ததோ அப்படியேதான் பெரும்பாலானோர் பாவிக்கிறோம். ஆகவே வழமையாக என்ன வரவேணும் என்று முடிவெடுக்கிறவர், எங்களுடைய விரலுக்கும் சேர்த்து முடிவெடுக்கிறார். அந்த முடிவு முதன்முதலில் எங்கே எடுக்கப்பட்டது என்று தேடிப்போனதுதான் இந்தக் கட்டுரை.

சுட்டி 1964 இல் பிறந்தது. டக்ளஸ் எங்கல்பார்ட் யோசிச்சார், பில் இங்கிலிஷ் மரத்தில் செய்து கொடுத்தார். 1968 டிசம்பர் 9 இல் சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் அதை உலகத்துக்குக் காட்டினபோது அதில் மூன்று பொத்தான்கள் இருந்தன. 1973 இல் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுகூடம் உருவாக்கிய ஆல்ட்டோ கணினிக்கும் மூன்று பொத்தான்தான். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொரு பொத்தானுக்கும் வேற வேற வேலை.

இரட்டைக் கிளிக் அந்த ஆய்வுகூடத்தில்தான் முளைச்சது. ஆனால் கோப்பு திறக்க அல்ல. 1975 அளவில் லரி டெஸ்லரும் டிம் மொட்டும் ஜிப்ஸி என்ற எழுத்துச் செயலியைச் செய்தபோது, ஒரு சொல்லை முழுசாகத் தெரிவு செய்வதற்கு அதை வைத்தார்கள். இன்றைக்கும் ஒரு சொல்லின்மேல் இரண்டு தரம் அமத்தினால் அந்தச் சொல் முழுக்க நிறம் மாறுதே, அதுதான்.

1981 இல் ஸெரொக்ஸ் 'ஸ்டார்' வந்தது. கோப்புக்கு ஒரு படம், கோப்புறைக்கு ஒரு படம் என்று திரையை மேசையாக்கி விற்பனைக்கு வந்த கணினி இது. ஸ்டாரில் ஒரு கோப்பை எப்படித் திறப்பது? அதன் படத்தை ஒருக்கால் அமத்தித் தெரிவு செய்யவேணும். பிறகு விசைப்பலகையில் 'திற' என்றே தனியாக இருக்கிற விசையை அமத்தவேணும். நகர்த்த ஒரு விசை, பிரதி எடுக்க ஒரு விசை, அழிக்க ஒரு விசை. முதலில் பொருள், பிறகு செயல். கட்டளையை முதலில் தட்டெழுதிப் பிறகு கோப்பின் பெயரைத் தட்டெழுதிப் பழகியவர்களுக்கு இது தலைகீழ். ஆனால் வினையை வசனத்தின் கடைசியில் வைச்சுக் கதைக்கிற எங்களுக்கு இது புதினமே இல்லை: கோப்பைத் திற, கடிதத்தை அழி. கலைப்பீடத்துப் பிள்ளைகள் என்றபடியால் இதைச் சொல்லாமல் போக மனம் வரேல்லை.

இந்த ஒழுங்கை மாற்றியது அப்பிள். டெஸ்லர் 1980 இல் பார்க்கை விட்டு அப்பிளுக்குப் போனார். லிசா என்ற கணினி அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. சுட்டிக்கு எத்தனை பொத்தான் என்று அதற்குள் பெரிய வாக்குவாதம். கணினியே கண்டிராத ஆக்களைக் கூட்டிவந்து இருத்தி, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கிற பழக்கம் டெஸ்லருக்கு இருந்தது. பொத்தான் கூடினால் 'எதை அமத்துறது?' என்று மனிசர் நின்றுவிடுகிறார்கள், ஒன்றே போதும் என்பது அவருடைய வாதம். அதுவே வென்றது. 1983 சனவரியில் 9,995 டொலருக்கு லிசாவும், 1984 சனவரியில் 2,495 டொலருக்கு மக்கின்ரோசும் ஒற்றைப் பொத்தான் சுட்டியோடு வந்தன.

'திற' விசையும் இல்லை, இரண்டாவது பொத்தானும் இல்லை. அப்ப எப்படித் திறக்கிறது? மேலே இருக்கிற பட்டியலை இழுத்து 'திற' என்பதைத் தெரிய வேணும். ஒவ்வொரு தரமும் அப்பிடிச் செய்ய அலுப்பு. ஆகவே ஒரு குறுக்குவழி வைத்தார்கள்: படத்தின்மேல் கெதியாக இரண்டு தரம் அமத்து. குறுக்குவழி என்பதை அழுத்தமாகச் சொல்கிறோம். எந்தச் செயலுக்கும் இரட்டைக் கிளிக் மட்டுமே வழியாக இருக்கக்கூடாது என்று அப்பிளின் வடிவமைப்பு வழிகாட்டிகளே சொல்லின. ஆனால் ஒழுங்கையாலே எல்லாரும் போகத் தொடங்கினால் பெருந்தெருவை யார் பார்க்கிறான்? 1990 இல் விண்டோஸ் 3.0 வந்து மைக்ரோசொப்ட் உலகம் முழுக்கப் பரவினபோது, புதிதாகக் கணினி படிக்கிறவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது குறுக்குவழி மட்டும்தான். சுட்டியில் இரண்டு பொத்தான் இருந்தும் கூட.

இரண்டு தரம் அமத்துறதில் என்ன கஷ்டம்? பழகின எங்களுக்கு ஒன்றுமில்லை. கணினியின் பக்கத்தில் இருந்து யோசிச்சுப் பாருங்கோ. முதல் அமத்தல் வரும்போது, இன்னொன்று வருமா வராதா என்று அதற்குத் தெரியாது. காத்திருந்தால் எல்லாமே அரை நொடி பிந்தும். ஆகவே முதல் அமத்தலுக்குத் தெரிவு செய்கிறது. அடுத்தது நேரத்துக்குள் வந்தால் திறக்கிறது. விண்டோசில் அந்த நேரம் வழமையாக 500 மில்லிநொடி. அதற்குள் கை நடுங்கி அம்புக்குறி சில புள்ளிகள் விலகினாலும் அது இரட்டைக் கிளிக் இல்லை. விரல் கொஞ்சம் பிந்தினால் இன்னும் மோசம். 1995 க்குப் பிறகு வந்த விண்டோசில், தெரிவான கோப்பின் பெயரை ஆறுதலாக இன்னொருக்கால் அமத்தினால் அது 'பெயரை மாற்று' என்ற கட்டளை. திறக்கப்போன மனிசருக்குக் கோப்பின் பெயர் பெட்டிக்குள் வந்து நிற்கும். ஏன் வந்தது என்று அவருக்கு விளங்காது. பக்கத்தில் நிற்கிற நாங்கள் "கெதியா அமத்துங்கோ" என்று கத்துவோம். அறுபது வயதில், மூட்டுவலியோடு, நடுங்கிற கையோடு சுட்டியைப் பிடிக்கிறவர், பிழை தன்னில்தான் என்று நினைக்கிறார். அரை நொடி என்று எங்கேயோ இருந்த ஒருவர் வைச்ச கணக்கு அது.

மைக்ரோசொப்டுக்கும் இது தெரிஞ்சிருந்தது. விண்டோஸ் 95 ஐ உருவாக்கும்போது நடந்த பயனர் சோதனைகளில், புதியவர்கள் இரட்டைக் கிளிக்கைத் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை என்று கண்டார்கள். 'ஸ்டார்ட்' பொத்தானும் கீழ்ப்பட்டையும் ஒரே கிளிக்கில் வேலை செய்வதற்கு அந்தச் சோதனைகளும் ஒரு காரணம். ஆனால் மேசையிலுள்ள படங்களில் கைவைக்கவில்லை. ஒரே திரையில், கீழே ஒரு கிளிக், மேலே இரண்டு.

இதற்கிடையில் இணையம். 1990 இல் டிம் பேர்னர்ஸ் லீ நெக்ஸ்ட் கணினியில் எழுதிய உலகின் முதல் இணைய உலாவியில் ஓர் இணைப்பைத் திறக்க இரட்டைக் கிளிக் பண்ணவேணும்! காரணம் சிம்பிள். அது வாசிக்கிற மென்பொருள் மட்டுமல்ல, பக்கத்தை எழுதித் திருத்துகிற மென்பொருளும்கூட. ஒருக்கால் அமத்தினால் எழுதுவதற்கான குறி அந்த இடத்துக்குப் போகும். 1993 இல் புகழ்பெற்ற மொசேக் உலாவி வாசிக்க மட்டும்தான். தெரிவு செய்யவோ திருத்தவோ தேவையில்லாத இடத்தில் ஒரு கிளிக் போதும். எங்களுக்கு இந்த இடம்தான் முழுக் கதையிலும் முக்கியமாகப் படுகிறது. பொருளோடு நீங்கள் பல வேலை செய்யலாம் என்றால் முதல் கிளிக் தெரிவுக்குப் போகுது. ஒரே வேலைதான் என்றால் நேரே அந்த வேலைக்குப் போகுது.

பிறகு கணினியின் இரண்டு பாதியும் இரண்டு பாஷை பேசின. உலாவிக்குள் ஒரு கிளிக், வெளியே இரண்டு. இணையப் படிவத்தில் 'அனுப்பு' பொத்தானை ரெண்டுதரம் அமத்திற பெரியாக்களை நீங்களும் கண்டிருப்பியள். காசு கட்டுகிற பக்கங்களில் 'ஒரு தடவை மட்டும் அழுத்தவும்' என்று எழுதியிருப்பது சும்மா இல்லை.

1997 இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 உடன் மைக்ரோசொப்ட் இரண்டு பாதியையும் ஒட்டப் பார்த்தது. கோப்புப் பெயர்களுக்குக் கீழ்க்கோடு, ஒரே கிளிக்கில் திறப்பு, அம்பை மேலே கொஞ்சம் நிறுத்தினால் தெரிவு. கணினி முழுக்க இணையப்பக்கம் மாதிரி. உலாவி விண்டோசிலிருந்து பிரிக்கமுடியாத பகுதி என்று மைக்ரோசொப்ட் வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. 1998 மே மாதம் அமெரிக்க அரசு வழக்கே போட்டது. அந்த நேரத்தில் கோப்புறையும் இணையப்பக்கம் போலத் தெரிவதில் மைக்ரோசொப்டுக்கு ஆதாயம் இருந்தது என்பது எங்கட வாசிப்பு. ஆனால் யோசனை பிழையென்று சொல்லமாட்டோம், செய்த விதம்தான் பிழை. நாலைந்து கோப்பைத் தெரிஞ்சு வைச்சிட்டு அம்பை இன்னொன்றின்மேல் ஆறவிட்டால் தெரிவு அதற்குப் போய்விடும். விண்டோஸ் 98 இல் அது விருப்பத்தேர்வாக மட்டும் தங்கிப்போனது.

கேடிஈ அந்தக் காலத்துப் பிள்ளை. அதன் முதல் கோப்பு மேலாளரே உலாவியாகவும் இருந்தது. கோப்புக்கும் இணைப்புக்கும் அங்கே வித்தியாசமில்லை, ஆகவே ஒரே கிளிக். தெரிவுச் சிக்கலுக்கும் பிற்காலத்தில் வழி கண்டார்கள். டொல்பினில் அம்பைக் கோப்பின்மேல் கொண்டுபோனால் மூலையில் ஒரு சின்னக் கூட்டல் குறி வரும், அதை அமத்தினால் தெரிவு. எங்கட பார்வையில், இந்த அறுபது வருசத்தில் வந்த தீர்வுகளில் இதுதான் நேர்மையானது. ஆனாலும் விண்டோசிலிருந்து வருகிறவர் கோப்பைத் தெரிவு செய்யத் தொட்டால் அது திறந்துகொண்டது. பழகின கைதான் புதிய கையைவிடப் பயந்தது. அதனால் சில லினக்ஸ் பதிப்புகள் ஏற்கெனவே இரட்டைக் கிளிக்குக்கு மாற்றித்தான் கொடுத்துக்கொண்டிருந்தன. கடைசியில் கேடிஈயும் அதையே வழமையாக்கியது.

வேடிக்கை என்னவென்றால், 2024 இல் உலகத்தில் முதன்முதலாகத் திரை தொடுகிற ஒரு பிள்ளை போனில்தான் தொடும். அங்கே ஒரு தட்டு திறக்கும், கனநேரம் அமத்திப் பிடிச்சால் தெரிவாகும். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக் கணினிக்கு முன்னால் இருக்கும்போது, கோப்பை ஒருக்கால் தொட்டுவிட்டு, திறக்குமென்று பார்த்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்கிறவர் சொல்லுவார்: "ரெண்டுதரம் அமத்து. கெதியா."