ஸ்கேனர் ரேடியோ வாங்கும் முன் கொஞ்சம் வரலாறு

1/ "டாக்டர், கையடக்க ஸ்கேனர் ரேடியோ ஒண்ணு வாங்கப் போறேன். ஷார்ட்வேவும் எடுக்கணும். எது நல்லது?"

ஊரப்பாக்கத்தில் என்னிடம் பிபி பார்க்க வரும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார். 2015 டிசம்பர் வெள்ளம் அவர் மனசை விட்டுப் போகல. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. கரண்ட் இல்ல, செல்போன் சிக்னல் இல்ல. அடுத்த தெரு நிலவரம்கூடத் தெரியாத ராத்திரி அது.

நியாயமான கேள்வி. ஆனா பதில் வரலாற்றில்தான் இருக்கு.

2/ ஷார்ட்வேவ்னா சுமார் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ். இந்த அலை வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, கடல் தாண்டியும் வரும்.

1952ல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டைக் குறைத்தார். நம்ம ஆட்கள் என்ன பண்ணாங்க? சிற்றலையில் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பிட்டாங்க! இரண்டாம் உலகப் போரில் படைகளுக்காக நிறுவிய சக்திவாய்ந்த டிரான்ஸ்மிட்டர்தான் போருக்குப் பிறகு அந்த நிலையத்துக்குக் கைகொடுத்தது.

அது ஏஎம் ஒலிபரப்பு. எந்த வீட்டு ரேடியோவிலும் கேட்கும்.

3/ அடுத்தது 2004 டிசம்பர் 26. சுனாமி. அந்தமானில் டெலிபோன் செத்துப் போச்சு. ஹாம் ரேடியோவுக்காக போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர், தங்கள் கருவியை வைத்தே பெருநிலத்தோடு பேசி, தீவில் இருந்தவர்களின் நிலையை உறவினர்களுக்குச் சொன்னாங்க.

அதுவும் ஷார்ட்வேவ்தான். ஆனா அது ஏஎம் இல்ல, எஸ்எஸ்பி. குறைந்த மின்சக்தியில் ரொம்ப தூரம் போகிற முறை. எஸ்எஸ்பி வசதி இல்லாத ரேடியோவில் கேட்டா வாத்து கத்துற மாதிரிதான் இருக்கும்.

4/ இங்கேதான் பலர் ஏமாறுறாங்க. பெட்டியில் "ஷார்ட்வேவ் உண்டு"ன்னு போட்டிருக்கும். ஐகாம் ஆர்-6 ஷார்ட்வேவ் எடுக்கும், ஆனா எஸ்எஸ்பி கிடையாது. அதே கம்பெனியின் ஆர்-20, ஆர்-30 இரண்டிலும் உண்டு.

ஆன்டெனாவும் முக்கியம். எங்க ஸ்டெதாஸ்கோப்பில் தாழ்ந்த ஒலிக்கு ஒரு பக்கம், உயர்ந்த ஒலிக்கு மறுபக்கம் இருக்கும். ஸ்கேனரின் குட்டி ரப்பர் ஆன்டெனா உயர் அலைவரிசைக்கானது. ஷார்ட்வேவுக்கு மாடியில் நீளமா ஒரு கம்பி கட்டணும்.

5/ சட்டம்? 1933 கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் கருவியை வைத்திருப்பதே குற்றம். வீட்டு ரேடியோவுக்கே தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டிய காலம் பெரியவங்களுக்கு நினைவிருக்கும். அது போயிடுச்சு. ஆனா ஸ்கேனர் சாதாரண ரேடியோ கணக்கில் வராது. 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி கேட்குது. போலீஸ் பேச்சை ஒட்டுக்கேட்பது விளையாட்டு இல்ல.

6/ அதனால் சாரிடம் சொன்னேன்: வெள்ளத்துக்கு பேட்டரியில் ஓடும் எஃப்எம், மீடியம் வேவ், ஷார்ட்வேவ் ரேடியோ போதும். செய்தி வரும். கூடவே உபரி பேட்டரி வாங்கி வைங்க.

அதுக்கு மேல ஆசை இருந்தா, முதலில் ஹாம் தேர்வு எழுதுங்க. ஸ்கேனர் கேட்க மட்டும்தான் செய்யும். அந்தமானில் உதவியது பதில் பேசத் தெரிந்தவங்க.

"69 வயசுல பரீட்சையா?"ன்னு சிரிச்சார். போன வாரம் பிபி பார்க்க வந்தப்போ கையில் மோர்ஸ் அட்டவணை இருந்தது. பிபியும் நார்மல்.