மண்ணுக்குக் கொடுத்த பணம் யார் கைக்குப் போனது?



1929 பொருளாதாரப் பெருமந்தத்தைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பங்குச் சந்தை சரிந்தது, வங்கிகள் மூடின என்பதோடு பாடம் முடிந்துவிடும். அந்தக் காலத்தில் அமெரிக்க விவசாயிக்கும் அவன் மண்ணுக்கும் நடந்ததை இன்று சொல்கிறேன்.

முதல் உலகப் போரில் கோதுமைக்கு நல்ல விலை. 1919-இல் ஒரு புஷல் (சுமார் 27 கிலோ) 2 டாலருக்கு மேல் விற்றது. நடு அமெரிக்காவின் புல்வெளிகளை உழுது கோதுமை விதைத்தார்கள். 1932-இல் விலை 40 சென்ட்டுக்கும் கீழே போனது. விலை விழுந்தால் விவசாயி என்ன செய்வான்? கடனை அடைக்க இன்னும் அதிகமாக உழுவான். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது அங்கேயும் உண்மையானது. மழையும் பொய்த்தது. புல்லின் வேர் பிடித்து வைத்திருந்த மண் காற்றோடு கிளம்பியது. 1934 மே மாதப் புழுதி நியூயார்க் வரை போனது. 1935 ஏப்ரல் 14-ஐ இன்றும் ‘கறுப்பு ஞாயிறு’ என்கிறார்கள். பட்டப்பகலில் இருட்டிவிட்டது.

ஹியூ பென்னெட் என்ற மண்ணியல் அறிஞர் மண் அரிப்பைப் பற்றிப் பல ஆண்டுகளாக எச்சரித்து வந்தவர். கறுப்பு ஞாயிறு கழிந்து 13 நாளில் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் அமைந்த மண் பாதுகாப்புத் துறைக்கு அவரே தலைவர். சரிவுக்குக் குறுக்கே உழுவது, பயிருக்கு இடையே புல் பட்டைகள் விடுவது என்று வயலிலேயே செய்து காட்டினார்கள்.

வருமானத்துக்கு ரூஸ்வெல்ட் அரசு 1933-லேயே வேறு வழி எடுத்திருந்தது. சாகுபடியைக் குறைத்தால் பணம். அந்த ஆண்டு சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தியை உழுது அழித்தார்கள். சுமார் 60 லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். ஊரே பசியில் இருந்தபோது இது நடந்தது. இதற்கான செலவை ஆலைகள் மீது விதித்த வரியால் ஈடுகட்டினார்கள். 1936 ஜனவரி 6-இல் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. விவசாயத்தைக் கட்டுப்படுத்துவது மாநிலங்களின் அதிகாரம் என்பது தீர்ப்பு.

54 நாளில், பிப்ரவரி 29 அன்று, புதிய சட்டம் வந்துவிட்டது. இம்முறை சாகுபடியைக் குறைக்கப் பணம் என்று சொல்லவில்லை. கோதுமை, சோளம், பருத்தி, புகையிலை எல்லாம் மண்ணை உறிஞ்சும் பயிர்கள். அவற்றை விட்டுப் பயறு வகை, புல், குதிரைமசால் போட்டு மண்ணைக் காத்தால் பணம் என்றார்கள். நோக்கம் பழையதுதான், காரணம் புதியது. ஆனால் அந்தக் காரணம் பொய்யில்லை. மண் உண்மையிலேயே பறந்துகொண்டிருந்தது.

இனிதான் முக்கியமான இடம். தெற்கு மாநிலங்களில் பருத்தி விளைவித்தவர்களில் பெரும்பகுதி வாரத்துக்கு உழுதவர்கள், கறுப்பரும் வெள்ளையரும். முதல் சட்டத்தின் பணத்தில் பெரும்பங்கு நிலக்காரர்களுக்கே போனது. சாகுபடி குறைந்ததால் ஆள் தேவையில்லை என்று வாரக்காரர்களைக் குடும்பத்தோடு வெளியேற்றினார்கள். 1934-இல் ஆர்கன்சாஸ் மாநிலம் டைரன்சாவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே சங்கமாகக் கூடினார்கள். நிறவெறி தலைவிரித்தாடிய காலத்தில் அது சாதாரண துணிச்சல் அல்ல. 1936 சட்டம் வாரக்காரரின் நலனைக் காக்கச் சொன்னது. பங்கு கொடுக்க மனமில்லாத நிலக்காரர்கள் பலர், வாரக்காரரைக் கூலியாளாக்கிவிட்டார்கள். கூலியாளுக்குப் பங்கு ஏது? கையில் வந்த பணம் டிராக்டர் வாங்கவும் உதவியது.

மண்ணைக் காப்பதையும் விவசாயியின் வருமானத்தையும் ஒரே முடிச்சில் கட்டியது நல்ல யோசனை. அது வேறு வேறு வடிவில் இன்றும் அங்கே தொடர்கிறது. ஆனால் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவரையே விவசாயி என்று எண்ணியதால், மண்ணில் நின்றவன் வெளியே போனான்.

ஆகவே, பிள்ளைகளே, எந்த நாட்டு விவசாயத் திட்டத்தைப் படித்தாலும் எவ்வளவு கோடி என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அது யார் பெயருக்குப் போகிறது, உழுகிறவர் யார் என்ற இரண்டையும் கேளுங்கள். உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.