பங்காருபேட்டையில் நின்ற டீசல்

பௌரிங்பேட்டை என முன்பு வழங்கிய பங்காருபேட்டைச் சந்திப்பில், தங்கவயலுக்கு 1894-இல் அமைந்த கிளைப்பாதை வண்டிக்காகக் காத்திருந்த நேயர்கள், பெருவண்டிகளை இழுத்துவந்த டீசல் எஞ்சினை மறந்திரார். அதனைச் சிற்றுருவாகச் செய்ய விழைவோர்க்கு ஓர் எச்சரிக்கை.

1962-இல் அமெரிக்காவினின்று இருவகை வந்தன: ஆல்கோவின் டபிள்யூ.டி.எம்.2, ஜெனரல் மோட்டார்ஸின் டபிள்யூ.டி.எம்.4. இரண்டிற்கும் ஆறு அச்சுகள், 2600 குதிரைத்திறன். முன்னது நான்கு வீச்சு எஞ்சின், பின்னது இரண்டு வீச்சு, ஓசையே காட்டிக்கொடுக்கும். சிற்றுருவோ ஊமை; ஆதலின் கூரையை நோக்குக. ஆல்கோவுக்கு நீண்ட உடலின் கோடியில் ஒரே பெரிய விசிறி. மற்றதற்கு ஒன்றுக்கு மேற்பட்டவை.

தொழில்நுட்பத்தைத் தர ஆல்கோ இசைந்தமையால், 1964 முதல் அவ்வகை வாரணாசியிலேயே உருவாகி நாடெங்கும் பரவிற்று. மற்றது எழுபத்திரண்டோடு நின்று, முகல்சராயைச் சார்ந்து வடக்கே உழைத்தது. அதனை நம் சந்திப்பின் நடைமேடையில் நிறுத்திவிடாதீர்கள்.