ஒரு பேரு, ரெண்டு மாகாணம்

மேப் பார்க்கறது எனக்கு ஒரு கிறுக்கு. கொரியா மேப்பை விரிச்சா ஒரு வேடிக்கை. தென் கொரியாவிலும் காங்வொன் மாகாணம் இருக்கு, வட கொரியாவிலும் இருக்கு. ஒரே பேரு. ஏன்னு கேட்டா, ஒரு காலத்துல ரெண்டும் ஒண்ணுதாங்க.

ஜோசொன் அரசு 1395-ல் உருவாக்கிய மாகாணம் இது. காங்நுங், வொன்ஜு என்ற ரெண்டு ஊர்ப் பேரோட முதல் எழுத்துக்களை ஒட்ட வெச்சா காங்வொன். அந்த ஊர்கள்ல ஏதாவது ராஜதுரோகம் நடந்துட்டா, ஊரோட தகுதியைக் குறைச்சு, மாகாணப் பேரையே மாத்திடுவாங்களாம்! அப்படி சில காலம் இது 'வொன்யாங்' ஆகவும் இருந்திருக்கு.

நடுவுல வடக்கு தெற்கா தேபெக் மலைத்தொடர். கிழக்கே கடலை ஒட்டி ஒல்லியா ஒரு கரை. அது யொங்டொங், கணவாய்க்குக் கிழக்கு. மேற்கே மலையும் ஆறும். அது யொங்சொ, கணவாய்க்கு மேற்கு. தேக்வல்யொங் கணவாயை வெச்சுத்தான் இந்தப் பேச்சே. ஆக, இயற்கை போட்ட கோடு வடக்கு தெற்கா ஓடுது.

1896-ல் அஞ்சு மாகாணங்களை வடக்கு, தெற்குன்னு பிரிச்சாங்க. எட்டு பதிமூணு ஆச்சு. காங்வொன் தப்பிச்சுது. தலைநகர் மட்டும் வொன்ஜுவிலிருந்து சுன்சொனுக்குப் போச்சு.

ஆனா 1945-ல் யாரோ மேப்புல கிழித்த 38-வது அட்சக்கோடு மலை, ஆறு எதையும் பார்க்காம குறுக்கே போச்சு. 1946-ல் வடக்கு, பக்கத்து மாகாணத்து வொன்சான் துறைமுகத்தைச் சேர்த்து, அதையே தன் காங்வொனுக்குத் தலைநகர் ஆக்கிச்சு.

1953 போர் நிறுத்தத்துல கோடு மறுபடி நகர்ந்தது. 38-க்கு வடக்கே இருந்த சொக்சோ தெற்கு வசம் வந்தது. சொர்வொன், கோசொங் மாவட்டங்கள் இன்னிக்கும் ரெண்டு பக்கமும் இருக்கு. சொக்சோவில் 'அபாய்' கிராமம்னு ஒண்ணு. ஹம்க்யொங் வட்டார வழக்குல அபாய்னா பெரியவர். சீக்கிரம் வீடு திரும்பிடலாம்னு நம்பி வந்த வடக்கத்தி அகதிகள், எல்லைக்குப் பக்கமா மணல்ல குடிசை போட்டாங்க. திரும்பிப் போகவே முடியலை.

தெற்கு காங்வொன் 2023 ஜூன்ல 'சிறப்புத் தன்னாட்சி மாகாணம்' ஆச்சு. 7 நகரங்கள், 11 மாவட்டங்கள். பேரோட வாலை மட்டும் நீட்டினாங்க. 'காங்வொன்' அப்படியே இருக்கு. ராஜதுரோகத்துக்கெல்லாம் பேரை மாத்தின மாகாணம், நாடே ரெண்டான பிறகு அந்தப் பேரை மட்டும் ரெண்டு பக்கமும் விடலை. பிரிக்க முடியாதது அது ஒண்ணுதான் போல.