பத்துச் சதப் பாண்

2018 ஜனவரியில் கனடாவில் வயது வந்த எவரும் ஒரு படிவத்தை நிரப்பினால் 25 டொலர் பெறுமதியான அட்டை ஒன்று கிடைத்தது. ரசீது கேட்கவில்லை. லோப்லோ நிறுவனத்தின் கடை ஏதாவது ஒன்றில் 2015 மார்ச்சுக்கு முன்னர் பொதி செய்த பாண் வாங்கியிருக்கிறேன் என்று உறுதி சொன்னால் போதும். ஸ்காபரோவில் அந்த இணைப்பு மாமிமாரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வாரம் சுற்றியது. காசு எப்போது வரும் என்று எல்லோரும் கேட்டார்கள். எதற்காகத் தருகிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். அந்த 25 டொலருக்குப் பின்னால் உள்ள வரலாறு உங்களுக்கும் சேர்ந்ததுதான், ஏனென்றால் அந்தப் பாணைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டு நண்பர்கள் ‘ரொட்டி’ அல்லது ‘பிரெட்’ என்பார்கள். ‘பாண்’ போர்த்துக்கேயரிடமிருந்து இலங்கைத் தமிழுக்கு வந்த சொல். யாழ்ப்பாணத்தில் அது காலைச் சாப்பாடு, அவசரத்துக்கு இரவுச் சாப்பாடு, அரசியலும்கூட. 1970களின் முற்பகுதியில் இலங்கையில் மாவும் அரிசியும் தட்டுப்பாடாக இருந்தபோது என் அப்பா விடியற்காலையில் பாணுக்கு வரிசையில் நின்றவர். சங்கக்கடையும் கூப்பன் அரிசியும் அவருடைய பள்ளிக்கால நினைவுகள். 1990க்குப் பிறகு வடக்கின்மீது பொருளாதாரத் தடை வந்தது. அப்பா அதற்கு முன்னரே கனடா வந்துவிட்டார். ஆனால் அம்மம்மா அங்கேதான் இருந்தார். மின்கலம் கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. சவர்க்காரம், மண்ணெண்ணெய் எல்லாம் எண்ணி எண்ணிப் பாவித்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பெற்றோர் கனேடிய சுப்பர்மார்க்கெற்றுக்குள் நுழைந்தபோது அவர்கள் கண்ணில் பட்டது விலை இல்லை, நிறைந்திருந்த தட்டு. ஒரு கடைக்குள் இருபது வகைப் பாண் அடுக்கி இருப்பதைப் பார்த்தவர்கள், அதில் ஒன்று போன மாதத்தைவிடப் பத்துச் சதம் கூட என்று முறைப்பாடு செய்வார்களா? செய்யவில்லை. அந்த மௌனத்தை நான் குறை சொல்லமாட்டேன். அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஆனால் அந்த மௌனம் எங்களுக்கும் பழக்கமாகிவிட்டது.

இனிப் பாண் சுட்டவர்களைப் பார்ப்போம். 1882 இல் ஜோர்ஜ் வெஸ்ரன் என்ற இளைஞர் ரொறொன்ரோவில் பாண் வண்டி ஒன்றின் விற்பனை வட்டாரத்தை வாங்கித் தொழில் தொடங்கினார். 1919 இல் அதே நகரத்தில் தியடோர் லோப்லோவும் மில்ரன் கோர்க்கும் ஒரு புதுவிதமான மளிகைக்கடையைத் திறந்தார்கள். அதற்கு முன்னர் மளிகைக்கடை என்றால் ஒரு மேசை, அதற்குப் பின்னால் ஒரு ஆள். நீங்கள் கேட்பதை அவர் எடுத்து நிறுத்துத் தருவார், கடனும் கொடுப்பார். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1916 இல் பிக்லி விக்லி கடை தொடங்கிவைத்த முறையில், லோப்லோ கடையிலும் நீங்களே எடுத்து, காசைக் கொடுத்து, சுமந்துகொண்டு போகவேண்டும். ஆள் செலவு குறைந்தது, விலையும் குறைந்தது. பேரம் பேச எதிரே ஆள் இல்லாமல் போனதும் அப்போதுதான். விலை ஒரு சிட்டையில் ஒட்டப்பட்ட ஒன்றாகியது.

1947 இல் ஜோர்ஜின் மகன் காபீல்ட் வெஸ்ரன் லோப்லோவின் பங்குகளை வாங்கத் தொடங்கினார். காலப்போக்கில் பாண் சுடும் நிறுவனமும் பாண் விற்கும் கடைகளும் ஒரே குடும்பத்தின் கட்டுப்பாட்டில் வந்தன. 2021 இல் தங்கள் பேக்கரித் தொழிலை விற்கும்வரை அப்படித்தான் இருந்தது.

இடையில் மக்கள் கோபப்படாமல் இல்லை. அப்பா பாண் வரிசையில் நின்ற அதே காலத்தில், 1973 இல், கனடாவிலும் உணவு விலை கிடுகிடுவென்று ஏறியது. மத்திய அரசு உணவு விலை மீளாய்வுச் சபை ஒன்றை அமைத்து பெரில் பிளம்ட்ரி என்பவரைத் தலைவராக்கியது. அறிக்கைகள் வந்தன. விலையை இறக்கும் அதிகாரம் சபைக்கு இருக்கவில்லை. 1978 இல் லோப்லோ ‘நோ நேம்’ என்ற மஞ்சள் பொதிகளையும், ரொறொன்ரோவின் ஈஸ்ட் யோர்க்கில் முதலாவது ‘நோ ஃபிரில்ஸ்’ கடையையும் கொண்டுவந்தது. புதிதாக வந்த குடும்பங்கள் பலவற்றின் சமையலறை அலுமாரி மஞ்சளாக இருந்ததற்குக் காரணம் அதுதான். அது உண்மையிலேயே மலிவு, அதை மறுக்க முடியாது.

பிறகு 2001 வருகிறது. கனடாவில் பொதி செய்த பாணின் பெரும்பகுதியை இரண்டு நிறுவனங்கள் சுட்டன. ஒன்று வெஸ்ரன், ‘வொண்டர்’ பாணின் சொந்தக்காரர். மற்றது கனடா பிரெட், ‘டெம்ஸ்டேர்ஸ்’ பாணின் சொந்தக்காரர். போட்டியாளர்கள் விலையைத் தனித்தனியாகத் தீர்மானிக்கவேண்டும் என்பது சட்டம். 2001 இன் பிற்பகுதியிலிருந்து 2015 மார்ச் வரை பாண் விலையில் கூடிப் பேசிய ஏற்பாடு ஒன்று இருந்தது என்று லோப்லோவும் ஜோர்ஜ் வெஸ்ரன் நிறுவனமும் 2017 டிசம்பரில் பகிரங்கமாக ஒப்புக்கொண்டன. 2015 இலேயே கனடாவின் போட்டிப் பணியகத்திடம் தாங்களாகப் போய்ச் சொன்னதால் குற்றவியல் வழக்கிலிருந்து அவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. 25 டொலர் அட்டை அதற்குப் பிறகு வந்த நல்லெண்ண நடவடிக்கை.

போட்டிப் பணியகம் நீதிமன்றத்தில் கொடுத்த பத்திரங்களில் ஒரு சூத்திரம் இருக்கிறது. பேக்கரி ஒரு பாணுக்கு 7 சதம் ஏற்றும், கடை 10 சதம் ஏற்றும். ஏழும் பத்தும். கடைக்கு மூன்று சதம் மிச்சம். அதை முதன்முதலில் வாசித்தபோது எனக்குக் கோபத்தைவிட வியப்புத்தான் வந்தது. எவ்வளவு சின்னத் தொகை! யாருமே கவனிக்காத அளவுக்குச் சின்னது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கிழமைக்கு இரண்டு பாண் வாங்கும் குடும்பம் வருடத்துக்கு 104 பாண் வாங்கும. ஒரேயொரு பத்துச் சத உயர்வுக்கு வருடத்துக்கு 10 டொலர் 40 சதம். ஏறிய விலை இறங்குவதில்லை என்பதால் அந்த ஒரு உயர்வு பத்து வருடத்தில் 104 டொலர். நான் கணக்குப் போட்டது ஒரு உயர்வுக்கு மட்டும். அப்பாவிடம் இதைக் காட்டினேன். “எவ்வளவு எண்டாலும் பாண் கிடைச்சுதெல்லோ” என்றார். அவரோடு நான் வாதாடினேன், இன்னும் முடியவில்லை. ஏனென்றால் பத்துச் சதம் எல்லோருக்கும் ஒரே பத்துச் சதம் இல்லை. இரண்டு வேலை செய்து, பேருந்தில் போய் வந்து, பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்குப் பாணை நம்பியிருந்த வீட்டுக்கு அது கூடக் கனம்.

பதினாலு வருடம் இது எப்படி நடந்தது? கடைகளின் பெயர்கள் பல, சொந்தக்காரர்கள் சிலர். 1986 இல் கனடாவில் குறைந்தது எட்டுப் பெரிய மளிகைச் சங்கிலிகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தன என்று போட்டிப் பணியகத்தின் 2023 அறிக்கை சொல்கிறது. பிறகு 1998 இல் லோப்லோ கியூபெக்கின் புரொவிகோவை வாங்கியது. 2005 இல் மெற்றோ ஏ அன்ட் பி யின் கனேடியக் கடைகளை வாங்கியது. 2013 இல் சோபீஸ் கனடா சேஃப்வேயை 5.8 பில்லியன் டொலருக்கு வாங்கியது. சீன உணவுக்குப் பெயர்போன ரி அன்ட் ரி கடைகளையும் 2009 இல் லோப்லோ வாங்கிவிட்டது. இன்று லோப்லோ, சோபீஸ், மெற்றோ, கொஸ்கோ, வோல்மார்ட் என்ற ஐந்து நிறுவனங்களின் கையில்தான் நாட்டின் மளிகை விற்பனையில் பெரும்பகுதி இருக்கிறது. தெருவுக்கு அந்தப் பக்கம் உள்ள கடை மலிவு என்று போனால், இரண்டுக்கும் ஒரே முதலாளியாக இருக்கக்கூடும்.

புதிதாக ஒருவர் வந்து போட்டி போட்டால்? வந்தார்கள். என் தொழில் கணினி என்பதால் இந்தக் கதையில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ரார்கெற் நிறுவனம் 2011 இல் ‘செலர்ஸ்’ கடைகளின் குத்தகைகளை 1.8 பில்லியன் டொலருக்கு வாங்கி, 2013 மார்ச்சில் முதல் கடைகளைத் திறந்தது. மக்கள் ஆவலோடு போனார்கள். தட்டுகள் வெறுமையாக இருந்தன. ஆனால் களஞ்சியங்கள் நிரம்பி வழிந்தன! பொருள் இருக்கிறது, கடையில் இல்லை.

காரணம் தரவு. ஒவ்வொரு பொருளுக்கும் கணினியில் ஒரு பதிவு வேண்டும்: நீளம், அகலம், உயரம், ஒரு பெட்டிக்குள் எத்தனை, விலை என்ன நாணயத்தில். தட்டில் எத்தனை கொள்ளும், எப்போது அடுத்த பெட்டியை அனுப்பவேண்டும் என்று கணினி முடிவுசெய்வது இந்த எண்களை வைத்துத்தான். குறுகிய காலத்தில் பல்லாயிரம் பொருட்களை அவசர அவசரமாகப் பதிந்தார்கள். அங்குலம் சென்ரிமீற்றராகியது, நீளம் அகலமாகியது. அமெரிக்காவில் அவர்களுடைய தரவில் 98 வீதத்துக்கு மேல் சரியாக இருந்ததாகவும், கனடாவில் ஏறக்குறைய 30 வீதமே சரியாக இருந்ததாகவும் பின்னர் வெளியான பத்திரிகை விசாரணை ஒன்று எழுதியது. 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடுவதாக அறிவித்தார்கள். 17,600 பேர் வேலை இழந்தார்கள். கணினித் துறைக்குப் போக நினைக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை: தரவு சரிபார்ப்பது சலிப்பான வேலை என்று யாரும் சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

எல்லாத் தோல்விக்கும் கணினி காரணமில்லை. சில இடங்களில் கதவே திறப்பதில்லை. ஒரு பெரிய மளிகைக்கடை வணிக வளாகத்தில் இடம் எடுக்கும்போது, இங்கே வேறு மளிகைக்கடைக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். காணியை விற்கும்போதுகூட அப்படி ஒரு நிபந்தனை போடலாம். போட்டிப் பணியகம் இதைச் சொத்துக் கட்டுப்பாடு என்கிறது. 2024 இல் லோப்லோவின் தாய் நிறுவனத்தையும் சோபீஸின் தாய் நிறுவனத்தையும் இது தொடர்பாக விசாரிக்கத் தொடங்கியது. உங்கள் பகுதியில் ஒரு கடை மூடி, பிறகு அந்த இடத்தில் உடற்பயிற்சி நிலையமோ மலிவுப் பொருள் கடையோ வந்து, மளிகைக்கடை மட்டும் வராமல் இருந்தால், இப்படி ஒரு வரி எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு.

எங்கள் தமிழ்க் கடைகள் இதற்கிடையில் எப்படித் தப்பின? ரொறொன்ரோவின் குயின்ஸ்வே வீதியில் 1954 இல் திறந்த ஒன்ராறியோ உணவு மொத்தச் சந்தை இருக்கிறது. விடியுமுன் சின்னக் கடைக்காரர்கள் வாகனத்தோடு அங்கே போய் மரக்கறி, பழம் வாங்கி வருவார்கள். பெரிய சங்கிலிகளின் களஞ்சியத்தை நம்பவேண்டிய தேவை இல்லை. சங்கிலிக் கடைகள் முருங்கைக்காயையும் கறிவேப்பிலையையும் கண்டுகொள்ளாத காலத்தில் ஸ்காபரோவில் அவை கிடைத்தது இப்படித்தான். பாணும் அப்படியே. எங்கள் பேக்கரிக்காரர் தன் அடுப்பில் ரோஸ்ட் பாண் சுட்டார், விலையையும் தானே வைத்தார். அது எப்போதும் மலிவு என்று சொல்லமாட்டேன். ஏன் ஏற்றினீர்கள் அண்ணை என்று அவரிடமே கேட்கலாம், அவ்வளவுதான். அவர் மாவு விலையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார்.

2023 ஜூனில் கனடா பிரெட் நீதிமன்றத்தில் குற்றத்தை ஏற்றுக்கொண்டது. 50 மில்லியன் டொலர் அபராதம், விலை பேசிவைத்த குற்றத்துக்குக் கனேடிய நீதிமன்றம் விதித்தவற்றில் மிகப் பெரியது. 2024 மே மாதம் லோப்லோ கடைகளைப் புறக்கணிக்கும்படி இணையத்தில் அழைப்பு வந்து பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். அதே ஜூலையில் லோப்லோவும் ஜோர்ஜ் வெஸ்ரனும் கூட்டு வழக்குகளைத் தீர்க்க 500 மில்லியன் டொலருக்கு இணங்கின. அந்த 25 டொலர் அட்டைகளுக்குக் கொடுத்த 96 மில்லியனும் இதற்குள் அடங்கும். சோபீஸ், மெற்றோ, வோல்மார்ட், ஜயன்ற் ரைகர் ஆகியவற்றின் மீதும் வழக்கு இருக்கிறது. தாங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை என்கின்றன அவை.