மலிவுக் கேமரா, விலையுயர்ந்த ஃபிலிம்

குறைந்த விலையில் எளிதான கேமரா எது? இந்தக் கேள்வி டிஜிட்டலோடு பிறந்ததல்ல. 1900ல் கோடாக் நிறுவனம் பிரவுனி என்ற அட்டைப்பெட்டிக் கேமராவை ஒரே ஒரு டாலருக்கு விற்றது. லாபம் கேமராவில் இல்லை, ஃபிலிமில்!

நம் நாட்டில் பல வீடுகளுக்கு முதல் கேமரா அக்ஃபா கிளிக் 3. வெயிலா, மேகமா என்று பார்த்துக் குறியை வைத்தால் போதும். (வேலூர் வெயிலில் மேகக் குறிக்கு வேலையே இல்லை!) ஆனால் ஒரு ரோலில் 12 படம்தான். பிறகு புது ரோல், கழுவும் செலவு, பிரிண்ட் செலவு. அதனால் ஒவ்வொரு படத்தையும் யோசித்துத்தான் எடுத்தார்கள்.

ஃபிலிமை இங்கேயே தயாரிக்க மத்திய அரசு 1960ல் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸைத் தொடங்கியது. 'இந்து' ஃபிலிம் அங்கிருந்து வந்ததுதான்.

1975ல் கோடாக்கின் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் ஒரு படம் பதிய 23 விநாடி ஆனது. 2001ல் வந்த கோடாக் ஈசிஷேரிலோ ஒரு பட்டனை அழுத்தினால் படம் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். விலை கிளிக் 3ஐ விடப் பல மடங்கு. ரோல் செலவு பூஜ்யம். இந்தக் கணக்குதான் ஃபிலிமைத் தோற்கடித்தது. 2012ல் கோடாக்கே திவால் மனு கொடுத்தது. 1990களிலேயே நலிந்துபோயிருந்த ஊட்டி ஆலையின் தொழிலாளர்களுக்கு 2014ல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது.