கொடையின் காலம்: திருச்சி–திருவரங்கத்தில் கலைக்கல்வியும் அறக்கட்டளைகளும்

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட முதலாம் இராசராசன் 50 பேரை நியமித்தான். பாடுவோர் 48 பேர், உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர். ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல் என்கிறது கல்வெட்டு. கலத்துக்கு 12 குறுணி என்று கணக்கிட்டால், ஆண்டுக்கு 91 கலத்துக்குச் சற்று மேல் வரும். அதே கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளுக்கொரு வீடும், 100 கலம் நெல் விளையும் ஒரு பங்கும் கிடைத்தன. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் அரசன் வைத்த மதிப்பு ஏறத்தாழ ஒன்றுதான்.

நெல்லின் அளவைவிடக் கல்வெட்டின் அடுத்த பகுதிதான் இக்கட்டுரைக்கு முக்கியம். பாடுவோர் ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அவருக்கு நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாட வேண்டும். உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரைக் கொண்டு பாடுவிக்க வேண்டும். பங்கு வீட்டைவிட்டுப் போகாமலிருக்க வேண்டுமானால், பிள்ளைக்குப் பதிகம் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும். பள்ளி என்று தனியாக ஒன்று கட்டாமலே பயிற்சி நடந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம்.

தஞ்சைக்கு மேற்கே திருவரங்கத்திலும் இதை ஒட்டிய மரபு உண்டு. குலசேகர ஆழ்வாரின் 'தேட்டருந்திறல்' விழாநாளில் பாடப்பட்டதை முதலாம் குலோத்துங்கனின் 18ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (1088 வாக்கில்) குறிக்கிறது. பகல்பத்து, இராப்பத்து நாட்களில் அரையர்கள் இன்றும் பாடி அபிநயித்து வருகிறார்கள். கற்பிப்பது தந்தை, கற்பது மகன், மேடை கோயில், சோறு கோயில் மானியம். இதைப் பொற்காலம் என்று கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. பிறப்பு வாசலில் நின்று ஆள் பார்த்து உள்ளே விட்ட கல்வி இது. ஆனாலும் கொடை கொடுத்தவர்கள் கலைஞரின் வயிற்றையும், அவருக்குப் பின் வருபவரையும் சேர்த்தே நினைத்தார்கள் என்பதை மறுக்க முடியாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் கொடைக்கும் கலைக்கல்விக்கும் இருந்த இந்தப் பிணைப்பு தளர்ந்தது. 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம் அறக்கட்டளைகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. 1863ஆம் ஆண்டின் சட்டம் சமய நிலையங்களின் நிர்வாகத்திலிருந்து அரசை விலக்கியது. இடையே, 1854இன் உட் அறிக்கையை ஒட்டி, பள்ளிகளுக்கு அரசு மானியம் கொடுக்கும் முறை வந்தது. கோயில் கொடை ஒரு கணக்கு, பள்ளிக் கொடை வேறொரு கணக்கு என்றாகிவிட்டது. திருச்சியின் செல்வந்தர்களும் மிஷன்களும் பள்ளி, கல்லூரிகளுக்கு வாரிக் கொடுத்தார்கள். ஆனால் நன்கொடையாளர் பெயர் பெரும்பாலும் கட்டடத்தின் நெற்றியில்தான் ஏறியது. பாட்டு வாத்தியார் சம்பளத்துக்கு என்று பெயர் பொறித்த கல்வெட்டைப் பள்ளிச் சுவர்களில் தேடிப் பார்க்கலாம், கிடைப்பது அரிது. 1951இல் தொடங்கிய சீதாலட்சுமி ராமசாமி கல்லூரி இசைக்கென ஒரு துறையை வளர்த்தது மதிக்கத்தக்க விலக்கு.

பள்ளி விட்ட இடத்தைச் சபா பிடித்துக்கொண்டது. தென்னிந்திய ரயில்வே அதிகாரி எஃப். ஜி. நடேச ஐயர் 1914இல் திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவை நிறுவினார். அவர் மேடையேற்றிய 'அரிச்சந்திரா'வில் லோகிதாசனாக வந்த சிறுவன்தான் எம். கே. தியாகராஜ பாகவதர். படிப்பில் மனம் ஒட்டாமல் வீட்டைவிட்டு ஓடிப்போய்க் கடப்பையில் பாடிக்கொண்டிருந்த பையன் அவன். பின்னர் மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையாக இசை பயின்றான். பள்ளிக்கூடம் தர முடியாததைச் சபாவும் ஒரு குருவும் தந்தார்கள். ஆனால் சபாவின் கண்ணில் படும் பையன் ஆயிரத்தில் ஒருவன். மற்றவர்கள்?

அந்த மற்றவர்களுக்கான கதவைத் திறந்த முயற்சிகளில் பாதிரியார் எஸ். எம். ஜார்ஜ் 1977இல் தொடங்கிய கலைக்காவிரி முக்கியமானது. கிறித்தவ அமைப்பின் ஆதரவில் பரதமும் இசையும், சாதியும் குடும்ப மரபும் கேட்காமல் கற்பிக்கப்பட்டன. திருவரங்கம் மூலத்தோப்பிலுள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியும் அப்படித்தான். குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றுக்கு அங்கே மூன்றாண்டுப் பயிற்சி உண்டு. நாதசுரம், தவில், தேவாரம் சேர எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.

பொதுப் பள்ளிகளின் கதை வேறு. ஓவியம், இசை, தையல், உடற்கல்வி முதலியவற்றுக்காக 2012இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. மாதம் ரூ.5,000 தொகுப்பூதியம், வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. ஊதியம் பிறகு படிப்படியாக உயர்ந்தாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் இறங்குவது இன்னும் ஓயவில்லை. 2022–23இல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியது. அதே கல்வியாண்டில், முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிக்குக் கொடை தர 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் வந்தது. பரிசு, ஆடை, ஒலிபெருக்கிக்குக் கொடை கேட்பது சுலபம். புகைப்படத்தில் அவை தெரியும். செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியடில் சரளி வரிசை சொல்லிக்கொடுப்பவர் அதில் தெரியமாட்டார்.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், 66ஆம் பிரிவில், கோயில்களின் உபரி நிதியைத் திவ்வியப் பிரபந்தம், தேவாரம் ஓதுவதற்கும் அவற்றைக் கற்பிக்கும் பள்ளிகளுக்கும், தனியாக நுண்கலை வளர்ச்சிக்கும் செலவிட இடம் தருகிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டமும், சமூகப் பொறுப்பு நிதி செல்லத்தக்க துறைகளில் கல்வியையும் மரபுக் கலைகளையும் சேர்த்திருக்கிறது.

சிக்கல் காலத்தில்தான் இருக்கிறது. கல்வெட்டுக் கொடைகள் சந்திராதித்தர் உள்ளவரை என்று எழுதப்பட்டவை. பள்ளிகளில் வழக்கமான எண்டோமென்ட் பரிசு, வைப்புத்தொகையின் வட்டியில் நடப்பது: ஒரு பேச்சுக்கு, ஆயிரம் ரூபாய் போட்டால் ஏழு சதவீத வட்டிக்கு ஆண்டுக்கு எழுபது ரூபாய், இன்று ஒரு நோட்டுப் புத்தகத்துக்குத்தான் காணும். நிலம் கொடுத்தவர்கள் விளைச்சலைக் கொடுத்தார்கள். விலைவாசி ஏறினாலும் நெல் நெல்லாகவே வந்தது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் தொடர்திட்டம் என்றாலும், தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்றாண்டே உச்சவரம்பு. மூலத்தோப்பில் ஒரு மாணவர் மிருதங்கச் சான்றிதழ் வாங்கவே மூன்றாண்டு ஆகிறது. அப்படியொரு கொடையை நம்பிப் பள்ளியில் அமர்த்தப்படும் மிருதங்க ஆசிரியர் முதல் அணியைக் கரையேற்றும்போதே தவணையும் முடிந்திருக்கும். இரண்டாம் அணியை யார் கையில் ஒப்படைப்பது என்ற கேள்விக்குக் கொடைப் பத்திரத்தில் ஒரு வரியாவது இருக்க வேண்டும். அந்த வரியைத் தஞ்சைக் கல்வெட்டு எழுதியவர் 11ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்.